ஜூலை அக்கா

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. சம்பளச் சீட்டில் அதுதான் அச்சாகிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அலுவலகத்தில் விசாரித்தால் வாசல் காவலாளிகூட, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குவார். ஜூலை அக்கா என்று கேட்டால் மட்டும், மூன்றாம் மாடி, கடைசி அறை, கதவைத் தள்ளாதீங்க, இழுங்க என்பது வரை வழி கிடைக்கும். கோபத்தில் ஒருவர் வைத்த பெயர் அது. கோபம் ஆறிவிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்காவின் தொழில் காற்றை அளப்பது. நாம் மூச்சு விடும் காற்றை அல்ல, அதை அளக்க ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். விமானங்கள் பறக்கும் உயரத்தையெல்லாம் தாண்டி, செயற்கைக்கோள்கள் சுற்றும் இடத்தில், இல்லை என்றே சொல்லிவிடக்கூடிய அளவுக்கு மெலிந்துபோன ஒரு காற்று இருக்கிறது. அது எந்த மாதத்தில் எவ்வளவு கனக்கிறது என்று சொல்வதற்குத்தான் அக்காவுக்குச் சம்பளம். இப்படிப்பட்டவர் தன் அறையில் மின்விசிறியைச் சுற்ற விடமாட்டார், தாள்கள் பறக்கின்றனவாம். ஜன்னலையும் திறக்கக் கூடாது, தூசி. விமானத்தில் ஏறியதில்லை. மாடிப்படியில் கைப்பிடியை விட்டதில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்பதால் அதையும் நிறுத்திவிட்டார்.

"மேல போகாமலே மேல இருக்கிறதை எப்படி அண்ணி அளப்பீங்க?" என்று நாத்தனார் ஒருமுறை கேட்டாள். துணிக்கடை வைத்திருப்பவள். கையில் அளவுகோல் இல்லாத எந்த அளவிலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

"காத்து செயற்கைக்கோளை உரசும். உரச உரச அது கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். எவ்வளவு இறங்குதுன்னு பார்த்தா எவ்வளவு காத்து இருக்குன்னு தெரிஞ்சிடும்."

"உரசினா வேகம் குறைஞ்சிடும், அதனால இறங்கும். அப்படித்தானே?"

"இறங்கும். ஆனா வேகம் குறையாது, கூடும்."

"என்ன அண்ணி இது!"

"இறங்கினா சுத்துற வட்டம் சின்னதாகுது. பூமி இன்னும் பலமா இழுக்குது. முன்னைவிட வேகமா ஓடி, ஒரு சுத்தை முன்னைவிட சீக்கிரமா முடிச்சிடும்."

நாத்தனார் சற்று யோசித்தாள். "தடுக்கத் தடுக்க வேகமா ஓடுறதா? எங்க வீட்டுக்காரர் சீட்டாடப் போற மாதிரின்னு சொல்லுங்க."

"அதேதான். கடைசியில எரிஞ்சு போறதும் அப்படித்தான்."

"இருக்கிற துணியை அளந்து கொடுத்தாலே ஒரு சாண் குறையுதுன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க. இல்லாத காத்தை அளக்கிற உங்களுக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறாங்க. எல்லாம் தலையெழுத்து" என்று நாத்தனார் எழுந்துபோனாள். ஆனால் மறுநாளே கடைக்கு வந்த ஒருத்தியிடம், எங்க அண்ணி ஆகாயத்தையே முழம் போடுறவங்க என்று அவள் சொன்னது அக்காவின் காதுக்கு வந்து சேர்ந்தது. முன்னால் மட்டம் தட்டி, பின்னால் பெருமை பேசுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

அக்கா இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவர் அல்ல. கணிதம் படித்துவிட்டு, காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மனிதர்கள் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போடும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். கிடைத்ததென்னவோ செயற்கைக்கோள்கள் எப்போது சாகும் என்று கணக்குப் போடும் வேலை. பெரிய வித்தியாசம் இல்லை, இதில் யாரும் வந்து நம் மேசை முன்னால் அழுவதில்லை என்பார்.

சேர்ந்த புதிதில் அவர் தலையில் கட்டியது ஓர் உலோக உருண்டையை. ராக்கெட் ஒன்றைச் சோதிப்பதற்காக அதன் உச்சியில் வைத்து அனுப்பியது. சோதனை வென்றது, ராக்கெட்டுக்கு விழா நடந்தது, உருண்டையை எல்லோரும் மறந்துபோனார்கள். அதற்குள் இருந்த வானொலிக் கருவியும் சில மாதங்களில் வாயை மூடிக்கொண்டது. மின்சாரம் தரும் தகடு கிடையாது, எரிபொருள் கிடையாது, கூப்பிட்டால் பதில் கிடையாது. முட்டை வடிவப் பாதையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு முனையில் வெகுதூரம் போய்விட்டு, மறுமுனையில் காற்று இருக்கும் உயரத்துக்கு இறங்கி, ஒரு உரசு உரசிவிட்டுத் திரும்ப ஓடும். அலுவலகத்தில் அதற்குக் 'குண்டு' என்று பெயர். வேண்டாத பிள்ளையைச் சித்தியிடம் விடுவதுபோல அக்காவிடம் விட்டார்கள்.

ஆனால் காற்றை அளப்பதற்குக் குண்டைப் போல ஒன்று அமையாது என்பது அக்காவுக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. மற்ற செயற்கைக்கோள்களுக்கு இறக்கைகளும் கொம்புகளும் உண்டு. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதைப் பொறுத்துக் காற்று கூடுதலாகவோ குறைவாகவோ உரசும். குண்டு எப்படிப் புரண்டாலும் அதே முகம். அது வேகமாக இறங்கினால் காரணம் ஒன்றே ஒன்றுதான்: காற்று கூடிவிட்டது. ராடார் நிலையங்கள் அனுப்பும் புள்ளிகளை வைத்து, குண்டு ஒரு சுற்றை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது என்று வாரந்தோறும் அக்கா கணக்கெடுத்தார்.

முதல் ஜூலை வந்தது. குண்டு இறங்குவது மந்தமாகிவிட்டது. தன் கணக்கில்தான் பிழை என்று எண்ணி அக்கா திரும்பப் போட்டார். அக்டோபரில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கியது. ஜனவரியில் மறுபடி தயக்கம், ஏப்ரலில் மறுபடி அவசரம். இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் பார்த்தார். கீழே பாதி உலகம் போர்த்திக்கொள்ளும்போது மறுபாதி விசிறிக்கொள்கிறது. மேலேயோ உலகம் முழுவதற்கும் சேர்த்து, வருடத்துக்கு இரண்டு முறை காற்று தடித்து இரண்டு முறை மெலிகிறது. அதிலும் ஜூலையில்தான் மிக மெலிவு. கண்டுபிடித்துவிட்டோம் என்று தலைகால் புரியாமல் மேலதிகாரியின் அறைக்கு ஓடினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரியாச் சொன்னீங்க. நீங்க பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே உலகத்துக்கு இது தெரியும். ஏன் அப்படி ஆகுதுங்கிறதுலதான் இன்னும் சண்டை தீரல" என்றார்.

அன்று அக்கா மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. மாலையில் கணவரிடம் சொன்னார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களில் மனிதர்களை ஏற்றி இறக்குவது அவர் கைவேலை.

"ஊருக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம்தானே, அதனால என்ன?" என்றார் கணவர். "லிஃப்டை நானா கண்டுபிடிச்சேன்? நான் கை வச்ச லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னதுண்டா, அதைக் கேளு."

அந்தச் சொல் அக்காவுக்குள் எங்கோ போய் உட்கார்ந்தது. முதலில் சொன்னவர் என்ற பெருமை போனால் போகட்டும், சரியாகச் சொல்பவர் என்ற பெருமையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதை மறைக்கவும் இல்லை. அடக்கம் என்பது அவருக்கு அளவு பொருந்தாத செருப்பு. "ஏன்னு கேட்டா படிச்சவங்ககிட்ட போங்க. எவ்வளவுன்னு கேட்டா என்கிட்ட வாங்க" என்று வாசலிலேயே நிறுத்திச் சொல்வார். அவரும் படித்தவர்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவிருக்காது.

பிரச்சினை என்னவென்றால், யாரும் வரவில்லை. பல வருடங்கள் வரவில்லை. காற்றின் கணக்கை அலுவலகம் மாதாமாதம் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டது. வீட்டில் வயதான மாமாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவதுபோல.

பிறகு கடல்கண் வந்தது.

கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காக ஏவப்பட்ட செயற்கைக்கோள் அது. எங்கே அலை புரள்கிறது, எங்கே புயல் திரள்கிறது என்று அது அனுப்பும் படத்தைப் பார்த்துத்தான் துறைமுகங்கள் படகுகளை வெளியே விட்டன. படம் தெளிவாக விழுவதற்காகத் தாழ்வான உயரத்தில் சுற்றியது. தாழ்வு என்றால் காற்று. காற்று என்றால் இறக்கம். ஒரு வரம்புக்குக் கீழே போனால் படம் குழம்பிவிடும், மேலே போனாலும் குழம்பிவிடும். இறங்கும்போதெல்லாம் எரிபொருளை எரித்து ஓர் உந்து கொடுத்து ஏற்றிவிடுவார்கள். அந்த வருடம் ஏப்ரலில் பார்த்தால், தொட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நல்ல உந்துக்கு. அடுத்த செயற்கைக்கோள் தயாராவதோ வரும் பிப்ரவரியில். கடல்கண்ணோ கல்லைக் கட்டிவிட்டதுபோல இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தகடுகளைக் கவனிக்கும் பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். சூரிய ஒளியை வாங்கும் நீண்ட தகடுகளை அவர் சிறகு என்றே அழைப்பார்; மற்றவர்கள் அவரையே சிறகு என்று அழைத்தார்கள். பூமியின் நிழலுக்குள் போகும் நேரத்தில் தகடுகளுக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் அவற்றைத் திருப்பி, கத்தி முனைபோலக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகச் செய்தால் என்ன? நல்ல யோசனை. மே கடைசியில் செய்தார்கள். இறக்கம் குறைந்தது. ஜூனில் இன்னும் குறைந்தது. ஜூலையில் பாதிக்கும் கீழே போய்விட்டது.

இயக்குநர் கேக் வரவழைத்தார். இரண்டு தகடுகளோடு செயற்கைக்கோள் வடிவத்திலேயே செய்திருந்தார்கள். சிறகு ஒரு தகட்டை வெட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். நடமாட்டம் இல்லாத மூன்றாம் மாடிக் கடைசி அறையிலிருந்து அக்காவையும் அழைத்திருந்தார்கள்.

"மேடம், நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க. இது உங்க காத்து சம்பந்தப்பட்டதுதானே" என்றார் இயக்குநர், நல்ல மனதோடுதான்.

அக்கா கேக்கை விழுங்கிவிட்டுச் சொன்னார். "யோசனை நல்ல யோசனை. ஆனா இறக்கம் குறைஞ்சது முக்கியமா சிறகால இல்ல. ஜூலையால."



"புரியல" என்றார் இயக்குநர்.

"ஜூலையில மேல காத்து மெலிஞ்சிடும். சும்மா விட்டிருந்தாலும் குறைஞ்சிருக்கும். மாசம் செஞ்ச வேலைக்கு மனுஷனுக்கு மாலை போடுறோம்."

சிறகின் கையில் கத்தி அப்படியே நின்றது. "அப்போ இந்தக் கேக்கை ஜூலைக்கே ஊட்டிவிட்டிருக்கலாமே, ஜூலை அக்கா!" என்றார். சிரிப்பு வெடித்தது. பெயர் அன்று பிறந்தது.

வீட்டுக்கு வந்து அக்கா பையைத் தூக்கி எறிந்த விதத்திலேயே கணவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"பொய்யா சொல்லிட்டே?"

"இல்ல, உண்மையைத்தான் சொன்னேன்."

"எப்போ சொன்னே?"

"கேக் வெட்டும்போது."

கணவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். "லிஃப்ட்ல ஆள் போய்க்கிட்டிருக்கும்போது கயிறு தேஞ்சிருக்குன்னு நான் சொல்றதில்ல. இறங்கினதும் சொல்வேன்."

"இறங்கினதும் சொன்னா கேட்பாங்களா?"

"அதெப்படிக் கேட்பாங்க? அதான் இறங்கியாச்சே." அவருக்கே அது சரியாகப் படவில்லை. "சரி, விடு. நீ சொன்னது சொன்னதுதான்."

கேக்கோடு போயிருந்தால் அது ஓர் அலுவலகச் சிரிப்பு, அவ்வளவுதான். ஆனால் ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இறக்கச் சிக்கல் தீர்ந்துவிட்டதால், மிச்சமுள்ள எரிபொருளைக் கொண்டு கடல்கண்ணின் பாதையைச் சற்றே நகர்த்தி, மலைப்பகுதிகளையும் படம் எடுக்கலாம் என்று நில அளவைத் துறை கேட்கிறது, கூடிப் பேசுவோம். அக்கா அதை இரண்டாம் முறை படித்தார். அந்த உந்தை இப்போது பக்கவாட்டில் செலவழித்தால், அக்டோபரில் காற்று தடிக்கும்போது ஏற்றிவிட ஒரு சொட்டு மிஞ்சாது. கடல்கண் வரம்புக்குக் கீழே போகும். புயல்கள் வரும் மாதங்களில் கடலைப் பார்க்க ஒரு கண் இருக்காது.

கூட்டத்தில் இயக்குநர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். முடிவெடுக்க முடியாதபோது சீவுவார். அவர் மேசையில் கட்டைவிரல் நீளத்துக்கு மேல் ஒரு பென்சிலும் கிடையாது.

"சிறகைத் திருப்பினோம், இறக்கம் குறைஞ்சது" என்றார் சிறகு. "கண்ணெதிர்ல நடந்தது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"நானும் ஒண்ணு காட்டுறேன்" என்று அக்கா ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். இரண்டு கோடுகள். "மேல இருக்கிறது கடல்கண். ஏப்ரல்ல தடதடன்னு இறங்குது, ஜூலையில மெதுவாகுது. கீழ இருக்கிறது குண்டு. அதுவும் கடல்கண் சுத்துற உயரத்துக்கு வந்துதான் உரசிட்டுப் போகுது. அதே சூரியன், அதே காத்து. அதுவும் ஏப்ரல்ல தடதடன்னு இறங்குது, ஜூலையில மெதுவாகுது."

"இருக்கட்டும்."

"குண்டுக்கு எத்தனை சிறகு சார்?"

சிறகு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"இதுல எவ்வளவு ஜூலை, எவ்வளவு சிறகு?" என்று இயக்குநர் கேட்டார். பென்சில் நின்றிருந்தது.

"குறைஞ்சதை நாலு பங்கா வச்சா, மூணு பங்கு ஜூலை. ஒரு பங்கு அவரோடது."

"ஒரே ஒரு பங்கா?" என்றார் சிறகு.

"அதுவே பெரிசு" என்றார் அக்கா. பாராட்டாகத்தான் சொன்னார், அப்படிக் கேட்கவில்லை.

இயக்குநர் ஒரு வழி சொன்னார். எரிபொருளைத் தொட வேண்டாம். அக்டோபர் வரட்டும், பார்ப்போம். காற்று தடித்தால் உந்து கடல்கண்ணுக்கு. தடிக்கவில்லை என்றால் நில அளவைத் துறைக்கு. "அக்டோபர்தானே, மேடம்?"

"அக்டோபர்" என்றார் அக்கா.

அங்கேதான் கொஞ்சம் வீராப்பு புகுந்துவிட்டது. அக்டோபர் கடைசியில், சில வருடம் நவம்பர் தொடக்கத்தில்கூட, உச்சம் வருவதுண்டு. எல்லா வருடமும் ஒரே மாதிரி வராது என்று சொல்லியிருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் நான்கு வாக்கியத்தில் சொல்லும் உண்மை மேசையில் படுத்துவிடும், ஒற்றை வார்த்தையில் சொன்னால் நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அக்டோபர் முதல் தேதி காலையிலேயே தொலைபேசி மணி அடித்தது.

"என்ன மேடம், காத்து வந்துதா?"

"சார், காத்து என்ன ரயிலா?"

முதல் வாரம் போயிற்று. கடல்கண் அலுங்காமல் சுற்றியது. இரண்டாம் வாரமும் போயிற்று. படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்கள், "ஜூலை அக்கா, அக்டோபர் லீவுல போயிருக்கா?" என்று கேட்டார்கள். நில அளவைத் துறையிலிருந்து நினைவூட்டல் வந்தது. அக்கா கண்கொத்திப் பாம்பாகக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு அசட்டுத்தனமாக அதே வேகத்தில் இறங்கியது. கூடுவதுபோல் ஒரு நாள் தோன்றும், மறுநாள் இல்லை.

வீட்டில் அவர் பேச்சு குறைந்துபோயிற்று. கடைக் கணக்கை முடித்துவிட்டு வந்திருந்த நாத்தனார் அதைக் கவனித்துவிட்டாள்.

"என்ன அண்ணி, உங்க காத்து இன்னும் வந்து சேரலையா?"

"வரும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா ஒண்ணும் ஆகாது. கடல்கண் பிழைச்சுக்கும். நான்தான் வாயைக் கட்டிக்கிட்டு உட்காரணும்."

"அப்போ வராம இருக்கிறதுதானே நல்லது?"

நாத்தனார் சொன்னது சரிதான். காற்று தடிக்காமல் போனால் கடலுக்கு நல்லது, அலுவலகத்துக்கு நல்லது, மலைகளுக்கும் படம் கிடைக்கும். தடிக்க வேண்டும் என்று உலகத்தில் ஆசைப்படும் ஒரே ஆள் தான்தான். தன் சொல் பலிக்க வேண்டும் என்பதற்காக ஒரு நல்ல செயற்கைக்கோள் விழ வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறோமே என்று அவருக்குச் சற்று வெட்கமாகக்கூட இருந்தது. வெட்கம் இருந்ததே தவிர, ஆசை குறையவில்லை.

"வரும். இத்தனை வருஷம் வந்ததுக்கு இந்த வருஷம் மட்டும் என்ன வந்துச்சு" என்றார் கணவர், நாளிதழுக்குப் பின்னாலிருந்து. மேல் காற்றைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மனைவியைப் பற்றித் தெரியும்.

மூன்றாம் வாரத்தில் மறுபடி கூட்டம். இயக்குநரின் பென்சில் கரைந்துகொண்டிருந்தது.

"மேடம், அக்டோபர் முக்கால்வாசி முடிஞ்சாச்சு. நானும் எத்தனை நாள் அவங்களுக்குப் பதில் சொல்லாம இருக்கிறது?"

"கடைசி வாரத்துல வரும் சார். நவம்பர் முதல் வாரம்கூட ஆகலாம்."

"அன்னிக்கு அக்டோபர்னீங்க."

"அன்னிக்கே முழுசா சொல்லியிருக்கணும். அது என் தப்பு. ஆனா காத்து மேல தப்பு இல்ல."

இயக்குநர் சிறகின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க? பாதையை நகர்த்த உந்தைக் கொடுத்துடலாமா?"

சிறகு வாயைத் திறப்பதற்குள் அக்கா மனதுக்குள் மூட்டையைக் கட்டிவிட்டார். கேக் வெட்டும்போது அவமானப்படுத்தப்பட்ட மனிதன் கையில் முடிவைக் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

சிறகு ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தார். "சார், குண்டோட எல்லா வருஷத்துக் கணக்கையும் வாங்கிப் படிச்சேன். உண்மையைச் சொல்லணும்னா, இவங்க சொன்னது தப்புன்னு நிரூபிக்கத்தான் வாங்கினேன்."

"நிரூபிச்சீங்களா?"

"நிரூபிச்சேன். நாலுல ஒரு பங்கு இல்ல சார். மூணுல ஒரு பங்கு என் சிறகோடது. இவங்க நிழல் நேரத்தைக் குறைச்சுக் கணக்கு வச்சிருக்காங்க."

அக்கா தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினார். எல்லோரும் காத்திருக்க, மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "சரிதான். மூணுல ஒண்ணு."

"பார்த்தீங்களா!" என்று சிறகு மேசையைத் தட்டினார்.

"அது இருக்கட்டும். மீதி ரெண்டு பங்கு?" என்றார் இயக்குநர்.

"அது ஜூலைதான் சார், மறுக்க முடியாது. குண்டு வருஷா வருஷம் இதையேதான் பண்ணுது. சில வருஷம் அக்டோபர் முழுக்கத் தூங்கிட்டு நவம்பர்ல எழுந்திருக்கு. பொறுக்கலாம்." அக்காவைப் பார்க்காமல் தொடர்ந்தார்: "காத்து தடிச்சா என் சிறகு எவ்வளவு தாங்குதுன்னு நானும் பார்க்கணும்."

பென்சிலைக் கீழே வைத்தார் இயக்குநர். நவம்பர் பாதி வரை பொறுப்பதென்று முடிவாயிற்று.

முதலில் குண்டுதான் சொன்னது. அக்டோபர் கடைசி நாட்களில் ஒரு காலை, ராடார் நிலையத்திலிருந்து வந்த எண்களைப் பார்த்துவிட்டு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். குண்டு சுற்றை முடிக்கும் நேரம் குறைந்திருந்தது, அதற்கு முந்தைய வாரங்களில் குறைந்ததைப் போல இரண்டு மடங்கு. மறுநாள் அதைவிட. கடல்கண்ணும் சரியத் தொடங்கியது. நவம்பர் பிறந்தபோது, ஜூலையில் ஒரு வாரத்தில் இறங்கிய தூரத்தை இரண்டே நாளில் இறங்கிக்கொண்டிருந்தது. சிறகைத் திருப்பியும் அப்படி. திருப்பாமல் விட்டிருந்தால் கதை முன்பே முடிந்திருக்கும். அதை முதலில் இயக்குநரிடம் எடுத்துச் சொன்னது அக்காதான், யாரும் கேட்காமலே.

அந்த வாரத்தில் கடலில் ஒரு புயல் திரண்டது. கடல்கண் வரம்பின் விளிம்பில் தொங்கிக்கொண்டே அதைப் படம் பிடித்து அனுப்பியது. துறைமுகங்கள் படகுகளைக் கட்டிப்போட்டன. புயல் கரையைத் தொடாமல் கடலிலேயே கரைந்தது. வீணாகக் கட்டிப்போட்டார்கள் என்று சில படகுக்காரர்கள் திட்டினார்கள். நல்லபடியாக முடிந்த காரியத்துக்குக் கிடைக்கும் வழக்கமான பாராட்டு அது.

புயல் போனதும் உந்து கொடுத்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் நிற்க இடமில்லை. அக்கா வாசலோரம் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார், தானே ஏறுவதுபோல. எரிபொருள் தீர்ந்தது. திரையில் உயரம் மேலே போயிற்று. வரம்பின் நடுவில் போய் நின்றது. கைதட்டல் எழுந்தபோது இயக்குநர் கூட்டத்தில் தலையை உயர்த்தி யாரையோ தேடினார். கண்டுபிடித்ததும் கையைக் காட்டினார். எல்லோரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். அக்கா கூச்சப்பட்டுத் தலையைக் குனிவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். நிமிர்ந்து, தனக்குச் சேர வேண்டியதை முழுவதுமாக வாங்கிக்கொண்டார்.

"ஏறிடுச்சா?" என்று கேட்டார் கணவர், அன்று மாலை.

"ஏறிடுச்சு."

"நடுவுல நிக்கலையே?"

"நிக்கல."

"அப்புறம் என்ன" என்று கணவர் நாளிதழைப் புரட்டினார். ஆனால் மறுநாள் அவர் பழுது பார்க்கப் போன கட்டடங்களில் எல்லாம், லிஃப்டில் ஏறியவர்கள் தங்கள் மாடி வருவதற்குள், இந்த மனிதரின் மனைவி ஒரு செயற்கைக்கோளைக் காப்பாற்றினார் என்பதைக் கேட்காமல் இறங்க முடியவில்லை. பத்து மாடிக் கட்டடங்களில் கதை விரிவாகவே வந்ததாகக் கேள்வி.

ஜனவரியில் காற்று மறுபடி மெலிந்தது. கடல்கண் அலுங்காமல் மிதந்தது. அடுத்த செயற்கைக்கோள் ஏவுதளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, கவலை இல்லை. ஒரு நாள் மூன்றாம் மாடிக் கடைசி அறையின் கதவை யாரோ தள்ளினார்கள், பிறகு நினைவு வந்து இழுத்தார்கள். சிறகு நின்றிருந்தார். கையில் ஒரு தட்டு, அதில் ஒரு துண்டு கேக்.

"யாருக்குப் பிறந்த நாள்?" என்றார் அக்கா.

"யாருக்கும் இல்ல. இறக்கம் நல்லா குறைஞ்சிருக்கு. இந்தத் தடவை நான் ஒண்ணும் புதுசா பண்ணல. அதான், செஞ்சவங்களுக்கே கொடுத்துடலாம்னு வந்தேன்." தட்டை மேசையில் தாள்களுக்கு நடுவே வைத்தார். "ஜனவரிக்கு."

அக்கா கேக்கைப் பார்த்தார். சிறகைப் பார்த்தார். ஒரு விரலால் தட்டைத் திருப்பி, துண்டின் பருமனைக் கணக்கிட்டார்.

"ஜனவரிக்கு இது போதும்" என்றார். "ஜூலையில காத்து இதைவிட மெலியும். அப்போ முழு கேக்கா கொண்டு வாங்க."

சிறகு சிரித்துக்கொண்டே எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரிக்கா. அதுல மூணுல ஒரு துண்டு எனக்கு."

"அது உங்க பங்குதானே" என்றார் ஜூலை அக்கா. எழுந்துபோய், என்றும் இல்லாத திருநாளாக, மின்விசிறியைப் போட்டார்.